நாயுடன் ஃபெசன்ட் வேட்டை: தெற்கு டகோட்டாவின் பொது நிலங்களுக்குப் புறப்படுவோர் கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி பிறந்ததும், மினியாப்பொலிஸைச் சுற்றி வாழும் தமிழ் நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே விதமான ஐயங்கள் வரத் தொடங்கிவிடும். செல்லி என்ற என் லாப்ரடார் நாயுடன் நான் பல ஆண்டுகளாகத் தெற்கு டகோட்டாவுக்குச் சென்று வருவது அவர்களுக்குத் தெரியும். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்ன விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். விதிகள் ஆண்டுதோறும் சிறிதளவு மாறக்கூடும் என்பதால், புறப்படுமுன் அம்மாநில வனவிலங்குத் துறை அந்த ஆண்டுக்கென வெளியிடும் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஃபெசன்ட் என்பது என்ன பறவை? நம் ஊர்க் காட்டுக்கோழிதானா?

காட்டுக்கோழி அல்ல, ஆனால் மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவை அடங்கிய அதே குடும்பத்தைச் சேர்ந்தது. சேவலுக்குக் கழுத்தில் வெள்ளை வளையமும், சிவந்த முகமும், பச்சையும் நீலமுமாக மினுங்கும் தலையும், செம்பு நிற உடலும், நீண்டு கூர்த்த வாலும் இருக்கும். பெட்டை காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். நன்கு வளர்ந்த சேவல் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடை கொண்டது. ஆபத்து என்று உணர்ந்தால் முதலில் ஓடும், பிறகு பதுங்கும், வேறு வழியே இல்லாதபோதுதான் பறக்கும். இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகும் பலவற்றுக்கும் காரணம் எளிதில் விளங்கும்.

இது ஆசியாவைச் சேர்ந்த பறவை. ஷாங்காயில் அமெரிக்காவின் தலைமைத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி 1881, 1882 ஆண்டுகளில் ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பிய பறவைகளே அமெரிக்காவில் முதன்முதலில் வேரூன்றின. தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் மாவட்டத்தில் 1908 வாக்கில் விடப்பட்டவை பெருகின. 1919-இல் அம்மாவட்டத்தில் மட்டும் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி தரப்பட்டது. 1943-இல் ஃபெசன்ட் மாநிலப் பறவையாகவே அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அபர்டீன் நகர ரயில் நிலையத்தில் இறங்கிய படைவீரர்களுக்கு ஊர்ப் பெண்கள் ஃபெசன்ட் இறைச்சி வைத்த சாண்ட்விச் கொடுத்து வழியனுப்பியதை அம்மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இந்தியாவில் முயல் பிடித்தாலே வழக்கு வருகிறது. அங்கே மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அங்குள்ள சூழலுக்கு அது தேவையான சட்டம் என்பதே என் கருத்தும். அமெரிக்காவில் காட்டு உயிர்கள் பொதுமக்கள் அனைவரின் சொத்தாகக் கருதப்படுகின்றன. ஒவ்வொரு மாநிலமும் அவற்றை அறங்காவலரைப் போலக் காத்து, எந்த உயிரை, எப்போது, எத்தனை எடுக்கலாம் என்று வரையறுக்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி நீள்குழல் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் 11 விழுக்காடு வரி வசூலிக்கப்பட்டு, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குச் செல்கிறது. உரிமக் கட்டணமும் அவ்வாறே பயன்படுகிறது.

பொது நிலம் என்றால் யாருடைய நிலம்? யார் வேண்டுமானாலும் நுழையலாமா?

உரிமம் பெற்ற எவரும் நுழையலாம். ஆனால் எல்லாப் பொது நிலமும் ஒரே வகையல்ல. நீர்ப்பறவைகள் இனப்பெருக்கம் செய்வதற்காக நடுவண் அரசு வாங்கிய நிலங்கள் ஒரு வகை. வாத்து வேட்டைக்காரர்கள் வேட்டை அனுமதிக்காக வாங்கும் 'டக் ஸ்டாம்ப்' என்ற முத்திரைகளின் பணத்தில் வாங்கப்பட்டவை அவை. மாநில அரசே வாங்கிப் புல் வளர்த்துப் பராமரிக்கும் வேட்டை நிலங்கள் இரண்டாம் வகை. மூன்றாவதாக, உழவர்களின் சொந்த நிலத்தை மாநிலம் குத்தகைக்கு எடுத்து, கால்நடையாகச் செல்வோருக்கு மட்டும் திறந்துவிடும் 'வாக்-இன்' நிலங்கள். தெற்கு டகோட்டாவில் இவை மட்டும் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கின்றன. இவற்றோடு, ஜேம்ஸ் ஆற்றுப் படுகையில் உழவர்கள் புல்லுக்கு விட்ட நிலங்களும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன.

மாநிலத் துறை வெளியிடும் வரைபடத் தொகுப்பில் இவை தனித்தனி நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியிலும் பார்க்கலாம். ஆனாலும் வேலியோரம் நட்டிருக்கும் அறிவிப்புப் பலகையை நேரில் கண்ட பிறகே உள்ளே செல்லுங்கள். வாக்-இன் நிலத்தில் வண்டியை ஓட்டிச் செல்லவே கூடாது. அது ஓர் உழவர் நம்மை நம்பித் திறந்துவைத்த நிலம். சக்கரத் தடத்தைக் கண்டு அவர் மனம் மாறினால், அடுத்த ஆண்டு அந்தப் பலகை அங்கே இருக்காது.

பருவம் எப்போது? ஒரு நாளைக்கு எத்தனை பறவை எடுக்கலாம்?

பொதுப் பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை நீள்கிறது. அதற்கு முந்தைய வார இறுதியில் அம்மாநிலத்தில் குடியிருப்போருக்கு மட்டும் பொது நிலங்களில் மூன்று நாள் அனுமதி உண்டு. சுடுவதற்கான நேரம் மத்திய நேரப்படி காலை 10 மணி முதல் சூரியன் மறையும் வரை. நாளொன்றுக்குச் சேவல் மூன்று. கைவசம் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 15, அதுவும் நாளுக்கு மூன்றாகச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். விடுதி அறையின் குளிர்பெட்டியில் இருக்கும் பறவைகளும் இந்தக் கணக்கில் சேரும்.

வெளிமாநிலத்தவருக்கான சிறுவிலங்கு உரிமம் (ஃபெசன்டும் இதில் அடங்கும்), ஐந்து தொடர் நாட்கள் கொண்ட இரண்டு தவணைகளாக வழங்கப்படுகிறது. நாட்களைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்க வார இறுதியைத் தவிர்க்கலாம் என்பது என் பரிந்துரை. அப்போது கூட்டம் மிகுதி, வெயிலும் மிகுதி. மக்காச்சோளம் அறுவடையாகாமல் நிற்பதால் பறவைகள் அதற்குள் மறைந்துகொள்ளும். நவம்பர் முதல் வாரத்தில் அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். பறவைகள் புல்வெளிக்கு வந்திருக்கும். நாய்க்கும் ஏற்ற குளிர் இருக்கும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே. பலர் இதைக் கேட்காமலேயே நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பெருங்கவலை. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்போர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை நடுவண் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அத்தடைக்குள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பது. கிரீன் கார்டு உள்ளோருக்கு இத்தடை இல்லை.

சொந்தமாக வாங்குவது மட்டுமே குற்றம் என்று எண்ண வேண்டாம். இரவல் வாங்கிக் கையில் பிடிப்பதும் 'வைத்திருத்தல்' என்றே கொள்ளப்படும். உரிமம் காலாவதியான மறுநாள் விலக்கும் போய்விடும். மீறினால் சிறையும் உண்டு, நாடு கடத்தலும் உண்டு. ஆகவே குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் விசா விவரங்களைச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகே முடிவெடுங்கள். அதுவரை துப்பாக்கி இல்லாமல் உடன் வாருங்கள். நாயுடன் புல்வெளியில் நடப்பதே பாதிக்கு மேற்பட்ட இன்பம்.

ஏன் சேவலை மட்டும் சுட வேண்டும்? பறக்கும்போது எப்படிப் பிரித்தறிவது?

ஒரு சேவல் பல பெட்டைகளுடன் கூடும். எனவே இலையுதிர்காலத்தில் சேவல்களில் பெரும்பகுதியை எடுத்தாலும், அடுத்த வசந்தத்தில் எல்லாப் பெட்டைகளும் முட்டையிடுவதற்குப் போதிய சேவல்கள் எஞ்சியிருக்கும். பெட்டையோ பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, 23 நாள் அளவு அடைகாத்து, தனியாகவே குஞ்சுகளை வளர்க்கிறது. ஒரு பெட்டையைக் கொல்வது அந்த அடைகாப்பு முழுவதையும் அழிப்பதாகும்.

வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் வளையமும் நிறமும் தெளிவாகத் தெரியும். எழும்போது சேவல் பெரும்பாலும் உரக்கக் கொக்கரிக்கும். சூரியனை நோக்கி எழும் பறவையோ வெறும் கருநிழலாகத்தான் தெரியும். வால் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஆண்டு பிறந்த சேவலின் வால் குட்டையாகவும், பெட்டையின் வால் ஓரளவு நீளமாகவும் இருக்கக்கூடும். எங்கள் குழுவில் சேவலைக் கண்டால் 'சேவல்!' என்றும், பெட்டையைக் கண்டால் 'பெட்டை!' என்றும் உரக்கக் கூவுவோம். ஐயம் இருந்தால் துப்பாக்கியை இறக்கிவிடுவதே முறை.

நாய் கட்டாயமா? இல்லாமல் போனால் என்ன?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் நாய் இல்லாமல் அடர்ந்த புல்லில் ஃபெசன்டைச் சுடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டென்றால் அது இதுதான். பறவையைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் நாய் என்று பலரும் எண்ணுகிறார்கள். விழுந்த பறவையை மீட்பது அதைவிடப் பெரிய வேலை. தோட்டாவிலிருந்து சிதறும் ரவை என்னும் சிறு குண்டு பட்டுச் சிறகு மட்டும் ஒடிந்த சேவல் தரையில் விழுந்த கணமே ஓடத் தொடங்கும். இடுப்பளவுப் புல்லில் மனிதக் கண்ணுக்கு அது கிடைக்காது. இரவில் நரிக்கோ, ஓநாய் போன்ற கொயோட்டுக்கோ இரையாகும்வரை அது வதைபடும்.

செல்லி வருவதற்கு முன், முதல் ஆண்டில், ஹியூரன் நகருக்கு வடக்கே ஒரு சம்புக் காட்டோரத்தில் நான் சுட்டு வீழ்த்திய சேவலைத் தேடி ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்தேன். விழுந்த இடத்தில் நான்கைந்து இறகுகள் கிடந்தன, பறவை இல்லை. அன்றே வீடு திரும்பிவிட்டேன். நாய் வளர்ப்பது என்று முடிவு செய்தது அந்தப் பயணத்தில்தான்.

எந்த இன நாய் நல்லது?

பெரும் பிரிவுகள் இரண்டு. குறிகாட்டும் நாய்கள், அதாவது ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயின்டர், இங்கிலிஷ் செட்டர், பிரிட்டனி போன்றவை, தொலைவில் ஓடித் தேடி, பறவையின் வாடை கிடைத்ததும் சிலைபோல் நின்றுவிடும். நாம் நடந்து சென்று பறவையை எழுப்ப வேண்டும். கிளப்பும் நாய்கள், அதாவது ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், லாப்ரடார் போன்றவை, நமக்கு முன்னே 20 கஜத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக மோப்பம் பிடித்துப் பறவையைத் தாமே எழுப்பிவிடும். விரிந்த புல்வெளிக்கு முதல் வகை அழகு. பறவை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் சம்புக் காட்டுக்கும் பனிக்காலத்துக்கும் இரண்டாம் வகையே ஏற்றது என்பது என் அனுபவம். வீட்டில் குழந்தைகளுடன் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழப்போகும் உயிர் என்பதையும் சேர்த்து எண்ணித் தேர்ந்தெடுங்கள். வேட்டை ஆண்டில் சில நாட்கள் மட்டுமே.

ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் வேட்டை நாய்கள்தானே? அவற்றைப் பழக்க முடியாதா?

அவை பெருமைக்குரிய இனங்கள். ஆனால் அவற்றின் வேலை வேறு. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் கண்டு, வெட்டவெளியில் முயலை விரட்டிப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ஃபெசன்ட் வேட்டைக்குத் தேவையானவை மூக்கால் தேடுவதும், துப்பாக்கி எட்டும் தொலைவைத் தாண்டாமல் அருகிலேயே வேலை செய்வதும், பறவையைக் கடித்துக் குதறாமல் மென்வாயோடு கொண்டுவந்து கொடுப்பதும். மேலும், தென்மாவட்ட வெயிலுக்கு ஏற்ற மெல்லிய குறுமயிர் டகோட்டாவின் நவம்பர்க் காற்றைத் தாங்காது.

என் லாப்ரடார் பந்தை அழகாக எடுத்து வருகிறது. நேரே அழைத்துப் போய்விடலாமா?

கூடாது. பந்தை எடுத்து வருவது நல்ல தொடக்கம்தான். ஆனால் வெடிச் சத்தத்தை முறையாகப் பழக்காமல் நாயின் தலைக்கு மேலே சுட்டால், அது வாழ்நாள் முழுவதும் அஞ்சி நடுங்கும் நிலை வரலாம். அந்த அச்சத்தைப் போக்குவது மிகக் கடினம். சிறு சத்தத்தைத் தொலைவிலிருந்து தொடங்கி, நாய் மகிழ்ச்சியாக ஏதேனும் செய்துகொண்டிருக்கும்போது படிப்படியாக நெருங்கிப் பழக்க வேண்டும். இதில் உங்கள் ஊர்ப் பயிற்சியாளர் ஒருவரின் துணையைப் பெறுவது நல்லது.

குறைந்தது மூன்று கட்டளைகளுக்கு நாய் பணிய வேண்டும்: அழைத்தால் வர வேண்டும், சொன்னால் நிற்க வேண்டும், கொண்டுவந்ததைக் கையில் தர வேண்டும். செல்லிக்கு நான் தமிழில்தான் கட்டளையிடுகிறேன். 'வா', 'இரு', 'கொடு' என்ற மூன்றும் குறுகிய சொற்கள். பக்கத்தில் வேட்டையாடும் பிறர் தம் நாய்க்கு ஆங்கிலத்தில் இடும் கட்டளையோடு குழம்புவதும் இல்லை. நிற்கச் சொன்னதும் நிற்பதே உயிரைக் காக்கும் கட்டளை. சாலையோரத்தில் செல்லி ஒருமுறை அதனால்தான் பிழைத்தது.

எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

12 அல்லது 20 கேஜ் (குழலின் பருமனைக் குறிக்கும் அளவு) ஷாட்கன் போதும். கவனம் செலுத்த வேண்டியது தோட்டாவில்தான். முன்பு சொன்ன நடுவண் அரசின் நீர்ப்பறவை நிலங்களிலும் மாநில வேட்டை நிலங்களிலும் ஈய ரவைக்கு அனுமதி இல்லை. எஃகு அல்லது நஞ்சற்றதென ஏற்கப்பட்ட வேறு உலோக ரவையே பயன்படுத்த வேண்டும். சதுப்பில் விழும் ஈய ரவையை வாத்துகள் சிறுகல் என்று விழுங்கி நஞ்சேறி இறப்பதே காரணம். வாக்-இன் நிலங்களில் ஈயம் அனுமதிக்கப்படுகிறது என்றாலும், ஒரே நாளில் மூன்று வகை நிலங்களில் நடக்கும் நாம் பையில் இரண்டு வகைத் தோட்டாக்களைக் கலந்து வைத்துக்கொள்வது வம்பை விலைக்கு வாங்குவதாகும். எல்லா இடத்துக்கும் எஃகையே எடுத்துச் செல்லுங்கள். எஃகு ஈயத்தைவிட இலேசானது என்பதால், ஈயத்தில் 5 அல்லது 6-ஆம் எண் ரவை சுடுவோர் எஃகில் 2 அல்லது 3-ஆம் எண் என்னும் பெரிய ரவைக்கு மாற வேண்டும். 35 கஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள். காயம்பட்டுத் தப்பும் பறவைகள் பெரும்பாலும் அந்தத் தொலைவில் சுடப்பட்டவையே.

இவ்வளவு பெரிய புல்வெளியில் எங்கே தேடுவது?

பறவையின் நாளைப் பின்பற்றுங்கள். இரவில் உயர்ந்த புல்லில் தங்கும். காலையில் அறுவடையான மக்காச்சோளம், சோளம் நிலங்களில் இரை பொறுக்கும். நண்பகலில் களைகள் மண்டிய வரப்பு, மரவரிசை, சதுப்போரம் ஆகியவற்றில் ஓய்வெடுக்கும். மாலையில் மீண்டும் புல்லுக்குத் திரும்பும். ஆகவே காலை பத்து மணிக்குத் தானிய நிலத்தை ஒட்டிய புல்லின் விளிம்பும், கதிரவன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் புல்வெளியின் நடுவும் பலன் தரும். டிசம்பரில் சதுப்பு உறைந்த பிறகு, நூற்றுக்கணக்கான பறவைகள் சம்புக்குள் ஒன்றுகூடும். பனிக்கட்டி உங்கள் எடையைத் தாங்குமா என்று பார்த்தே கால் வையுங்கள்.

எப்போதும் காற்றை எதிர்நோக்கி நடங்கள். நாயின் மூக்குக்கு வாடை அப்போதுதான் வரும். வண்டிக் கதவை ஓசையின்றிச் சாத்துங்கள், உரக்கப் பேசாதீர்கள். பொது நிலத்துச் சேவல்கள் பருவத்தின் இரண்டாம் வாரத்துக்குள்ளேயே கதவுச் சத்தத்தைக் கேட்டால் நிலத்தின் மறுகோடிக்கு ஓடிவிடக் கற்றிருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால்தான் எட்டக்கூடிய மூலைகளை நான் விரும்பித் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான்.

நாய்க்கு என்னென்ன ஆபத்து வரும்?

முதல் ஆபத்து வெயில். அக்டோபர் நண்பகல் நமக்கு இதமாக இருக்கலாம். காற்றே புகாத புல்லின் அடியில் மூச்சிரைக்க ஓடும் நாய்க்கோ அது அடுப்பு. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு அகன்று தொங்குவது, நடை தள்ளாடுவது, எச்சில் கெட்டியாவது, அழைத்தால் திரும்பாமல் வெறித்துப் பார்ப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். உடனே நிழலில் கிடத்தி, வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள் ஆகிய இடங்களில் தண்ணீர் ஊற்றி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நாய் தானாக ஓட்டத்தை நிறுத்தாது. நிறுத்த வேண்டியவர் நீங்கள். வெப்பமான நாளில் நான் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செல்லியை அமரவைத்துத் தண்ணீர் தருகிறேன். வெயில் ஏறினால் வேட்டையை மாலைக்குத் தள்ளிவிடுகிறேன்.

இரண்டாவது, புல்லின் கூரிய கதிர்முட்கள். நரிவால் போன்ற கதிர் உடைய சில புற்களின் விதைகள் பின்னோக்கிய முள்ளுடன் இருப்பதால், தோலுக்குள் நுழைந்தால் முன்னோக்கி மட்டுமே நகரும். காது, மூக்கு, விரலிடுக்கு வழியாகச் சென்று நுரையீரல்வரை எட்டிச் சீழ் வைத்த நாய்கள் உண்டு. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கண், காது, வாய், விரலிடுக்கு, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்.

மூன்றாவது, முள்கம்பி. புல்லில் புதைந்து கிடக்கும் பழைய வேலிக் கம்பி செல்லியின் மார்பை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அருகிலுள்ள ஊரில் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து தையல் போட்ட மருத்துவருக்கு நான் என்றும் கடன்பட்டவன். அன்றுமுதல் மார்பை மூடும் தடித்த அங்கி போடாமல் அதை இறக்குவதில்லை. தங்கும் ஊரின் கால்நடை மருத்துவர் எண்ணை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்கிறேன். முள்ளம்பன்றியின் முள் தைத்தால் வெட்டாதீர்கள். இடுக்கியால் தோலருகே பிடித்து நேராக இழுங்கள். வாய்க்குள் தைத்திருந்தால் மருத்துவரிடமே விடுங்கள். ஸ்கங்க் என்னும் சிறு விலங்கு நாற்றநீர் அடித்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, சிறிது பாத்திர சோப்பு ஆகியவற்றை அப்போதே கலந்து, கண்ணில் படாமல் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கலவையைப் புட்டியில் அடைத்து வைத்தால் வெடித்துவிடும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

குழுவாக நடக்கும்போது ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். முந்துவதும் கூடாது, பிந்துவதும் கூடாது. பறவைக்கும் தரைக்கும் இடையே வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். தாழப் பறக்கும் பறவைக்குக் கீழே நாய் துள்ளிக்கொண்டிருக்கும், அல்லது நிலத்தின் மறுகோடியில் மறித்து நிற்கும் நண்பர் இருப்பார். பறவையைத் துரத்தித் துப்பாக்கி முனை வரிசையைக் கடந்து பக்கவாட்டில் சுழன்றால், அது எவ்வளவு அழகிய சேவலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வேலி தாண்டுமுன் தோட்டாவைக் கழற்றுங்கள். தெற்கு டகோட்டாச் சட்டம் ஃபெசன்ட் வேட்டையில் ஒளிரும் ஆரஞ்சு நிற உடையைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் தலையிலும் உடலிலும் ஆரஞ்சு அணியாதவரோடு நான் நடப்பதில்லை.

நாங்கள் போகும்போது அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி நின்றால்?

சிறிய நிலமாக இருந்தால் வேறிடம் செல்லுங்கள். பெரிய நிலமாக இருந்தால் அவர்கள் திரும்பும்வரை காத்திருந்து, எப்பக்கம் நடந்தார்கள் என்று கேட்டு எதிர்ப்பக்கம் செல்லுங்கள். சட்டம் தடுக்காவிட்டாலும், ஒருவர் நாயுடன் நடந்துகொண்டிருக்கும் புல்லுக்குள் எதிர்முனையிலிருந்து நுழைவது ஆபத்தும் அநாகரிகமும் ஆகும். உழவர் வண்டி நுழையும் வாயிலை மறித்து நிறுத்தாதீர்கள்.

சுட்ட பறவை வேலிக்கு அப்பால் தனியார் நிலத்தில் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

பதற்றத்தில் தவறு நிகழும் தருணம் இது. முறைப்படி சுட்ட சிறுவிலங்கை மீட்பதற்காகத் துப்பாக்கி இல்லாமல் கால்நடையாகத் தனியார் நிலத்துக்குள் செல்லத் தெற்கு டகோட்டாச் சட்டம் அனுமதிக்கிறது. துப்பாக்கியை உடன் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, நேரே சென்று, எடுத்துக்கொண்டு, நேரே திரும்புங்கள். போகும் வழியில் வேறு பறவைகளைக் கிளப்பி எல்லைக்கு இப்பால் விரட்டுவது மீட்பு ஆகாது. அருகில் வீடு தெரிந்தால் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுச் செல்வதே மரியாதை; அப்படித் தட்டிய ஒரு வீட்டில் எனக்குக் காப்பியும் கிடைத்திருக்கிறது. பிற மாநிலங்களில் விதி வேறாக இருக்கும்.

எவ்வளவு தேடியும் விழுந்த பறவை கிடைக்கவில்லை என்றால் அது கணக்கில் சேருமா?

நான் சேர்த்துக்கொள்கிறேன். பையில் இரண்டு இருந்து, ஒன்று புல்லில் தொலைந்தால், எனக்கு அன்றைய மூன்று முடிந்துவிட்டது. விழுந்த இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நேரே நடந்து, அங்கே தொப்பியைப் போட்டு அடையாளம் வைத்து, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமிருந்து நாயை விடுங்கள். எலிவளை, வளைந்த சம்பு, தேங்கிய நீரோரம் என எல்லாவற்றிலும் அது பதுங்கும். நாய் நூறு கஜம் தள்ளி வேறெங்கோ போனால் திருப்பி அழைக்காதீர்கள். பறவை எங்கே போயிற்று என்பது நம்மைவிட அதற்குத் தெரியும்.

வேற்று நாட்டுப் பறவைதானே? அதற்காக ஏன் இத்தனை நிலத்தைப் புல்லாக விடுகிறார்கள்?

புல் ஃபெசன்டுக்காக மட்டும் இல்லை. 1985-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம், அரிப்புக்கு உள்ளாகும் உழவு நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் புல்லுக்கு விடும் உழவருக்கு வாடகை தரும் திட்டத்தைத் தொடங்கியது. மண் அரிப்பைத் தடுப்பதும் ஆற்று நீரைக் காப்பதும் அதன் நோக்கங்கள். வாத்து, புல்வெளிக் குருவிகள், தேனீக்கள் அனைத்தும் அதில் வாழ்கின்றன. நாடு முழுவதும் 2007-இல் 3.68 கோடி ஏக்கராக இருந்த அந்நிலம், மக்காச்சோள விலை ஏறியதும் மீண்டும் உழப்பட்டுப் பெருமளவு சுருங்கியது. புல் சுருங்கிய இடங்களில் ஃபெசன்டும் குறைந்தது. வேட்டைக்காரன் சுட்டுக் குறைப்பதைவிடக் கலப்பை குறைப்பதே மிகுதி என்பதைப் புல்வெளியில் நடப்பவர் எவரும் கண்ணால் காணலாம். 1982-இல் மின்னசோட்டாவின் செயின்ட் பாலில் தொடங்கப்பட்ட 'ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர்' அமைப்பு புல்வெளியை மீட்கும் பணியைத்தான் செய்கிறது. உரிமத்துக்குச் செலவிடுபவர்கள் அதற்கும் ஒரு பங்கு கொடுக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எப்படிச் சமைப்பது? நாட்டுக்கோழிக் குழம்பு மாதிரி வைக்கலாமா?

வழியில் சோதனைக்கு உட்படும்போது சேவல் என்று காட்ட வேண்டியிருப்பதால், வீடு சேரும்வரை தலையோ, காலோ, அடையாளம் காணப் போதிய இறகோ உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். சுட்ட உடனே குடலை நீக்கிக் குளிரவையுங்கள்.

மார்பையும் தொடையையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் ஒன்று கெடும். மார்பில் கொழுப்பே இல்லை. சிறு துண்டாக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்து வறுவலாகச் செய்து, உள்வரை வெந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். தொடையும் காலும் ஓடி ஓடி உரமேறியவை. காலில் எலும்புபோல் கெட்டியான நரம்புகள் இருக்கும். அவற்றுக்கு நாட்டுக்கோழிக் குழம்பின் பக்குவம் மிகவும் பொருந்தும்: நல்லெண்ணெயில் மசாலாவை வதக்கி, மூடி, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் விட்டால் சதை எலும்பிலிருந்து கழன்று வரும், நரம்பையும் எளிதில் உருவிவிடலாம். சமைக்குமுன் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, கருநீலமாகக் கன்றிய இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கேதான் ரவையும், அது இழுத்துச் சென்ற இறகும் இருக்கும். எஃகு ரவை பல்லை உடைத்துவிடும் என்பதால், குழந்தைகளின் தட்டில் வைக்கும் துண்டுகளை நான் இரண்டு முறை பார்க்கிறேன்.